வலது பின்மூலை

ஒலிபெருக்கியிலிருந்துதான் ஒலி வருகிறது என்று உலகம் நம்புகிறது. இந்த ஒரு மூடநம்பிக்கையால் நாசமான குடும்பங்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அறிஞர்கள் பூமி உருண்டை என்று நிறுவிய களைப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒலி அறையிலிருந்து வருகிறது. ஒலிபெருக்கி மனுப் போடுகிறது, அவ்வளவுதான். கொடுப்பதும் மறுப்பதும் நான்கு சுவர், ஒரு கூரை, ஒரு தரை. ஒற்றைக் குரலுக்கும் வீணைக்கும் வானிலை அறிக்கைக்கும் இது தெரியாமலே காலம் தள்ளிவிடலாம். சிம்பொனிக்கு முடியாது. தொண்ணூறு பேர் ஊதியும் இழுத்தும் அடித்தும் எழுப்புவது, அதற்குமேல் அவர்கள் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தின் காற்று, இரண்டும் சேர்ந்து கோயமுத்தூரில் ஒரு ஃபிளாட்டின் ஹாலுக்குள், செருப்பு ஸ்டாண்டுக்கும் டைனிங் டேபிளுக்கும் இடையில் வந்து அமர வேண்டும். தானாக அமராது. அமர்த்த வேண்டும். அமர்த்தியிருக்கிறேன். இந்த ஞாயிறு மதியம் ஏறக்குறைய அமர்ந்தும்விட்டது, முதல் பகுதி ஓடுகிறது, இடப்பக்கம் வயலின்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிக் கொம்புகள், வலது ஓரத்தில் செலோக்கள், அவற்றுக்கும் பின்னே டபுள் பாஸ்கள் தரையைத் தடவிக்கொண்டு. ஃபேனை நிறுத்தியிருக்கிறேன், முதுகில் வேர்வை இறங்குகிறது, இறங்கட்டும், வேர்வைக்குச் சத்தமில்லை. பாக்கி இருப்பது ஒன்றுதான். வலது பின்மூலை. அங்கே சாய்வு நாற்காலியில் என் அக்கா தெய்வானை உட்கார்ந்திருக்கிறாள், காலடியில் ஜிப் வைத்த பை, புடவைத் தலைப்பு வாயருகே. இந்தச் சிம்பொனி முடிவதற்குள் ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து வண்டி வந்து அவளை அழைத்துப்போகும். வேண்டாம் என்று நான் சொன்னால் வண்டி வெறுமனே திரும்பிவிடும். அதைச் சொல்லச் சொல்லித்தான் வசுமதி காலையிலிருந்து என் பின்னாலேயே நடந்தாள். வசுமதி என் மனைவி. இப்போது சமையலறையில் பாத்திரம் கழுவாமல் நிற்கிறாள். கழுவக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

வரிசைப்படிதான் செய்தேன். கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்தவன் வரிசை தப்பமாட்டான். முதலில் சுவர்க்கடிகாரம், ஓபோ என்னும் குழல் மூச்சு வாங்கும் இடத்தில் டிக் என்றது, கழற்றிப் பீரோவுக்குள் வைத்தேன், அன்றிலிருந்து அக்கா மணி என்ன தம்பி, மணி என்ன தம்பி என்று கேட்க ஆரம்பித்தாள், கடிகாரமே தேவலை போலிருந்தது, பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அடுத்து வசுமதியின் ஷோகேஸ். அதிலிருந்த கண்ணாடி மயில் ஒரே ஒரு தாழ்ந்த சுரத்துக்கு மட்டும் நடுங்கியது, எந்தச் சுரம் என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது, ஒரு பொம்மைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது, மயிலைப் பரணில் ஏற்றினேன். பிறகு ஃபிரிட்ஜ். கேட்கும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன், ஒருநாள் திரும்பச் செருக மறந்து பால் திரிந்துபோனது. "பாலும் உங்க கூட உக்காந்து கேட்டுதாட்ட இருக்குதுங்க, மனசு உடைஞ்சு போச்சு" என்றாள் வசுமதி. பிறகு சுவர்கள். பக்கச் சுவரில் ஒலி முதலில் மோதும் இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் உத்தி உண்டு: கேட்பவன் தன் நாற்காலியில் உட்கார வேண்டும், இன்னொருவர் சுவரோரமாக ஒரு முகக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும், கண்ணாடிக்குள் ஒலிபெருக்கி தெரிகிற இடத்தில் கம்பளம் தொங்கவிட வேண்டும். வசுமதி கடைக்குப் போயிருந்ததால் அக்கா பிடித்தாள். உயர்த்திப் பிடி என்றேன், இன்னும் என்றேன், கண்ணாடி நடுங்கியது, அதற்குள் ஒலிபெருக்கி தெரிந்தது மறைந்தது தெரிந்தது. "கை அசையக் கூடாது" என்றேன். "கையி அசையல தம்பி, மூச்சுதான் அசையுது" என்றாள். துல்லியமான பதில்தான், மறுக்க முடியாது. ஆனால் கம்பளம் அரை முழம் தள்ளி விழுந்துவிட்டது, அப்புறம் நானே அளந்து மாற்றினேன்.

இரண்டாம் பகுதி. இதில் ட்ரையாங்கிள் வரும். வளைத்த எஃகுக் கம்பியைச் சிறு கோலால் தட்டுவது, அற்பக் கருவி, தொண்ணூறு பேரில் அதைத் தட்டுகிறவன்தான் மிகக் குறைவாக உழைப்பவன், ஆனாலும் மொத்த வாத்தியக் கூட்டத்துக்கும் மேலே அது ஒரு துளி வெளிச்சம் போல நிற்க வேண்டும். நிற்கிறதாம். மருதாசலம் சொன்னார். மருந்துக்கடை வைத்திருப்பவர், இந்த ஊரில் என்னைத் தவிர டபுள் பாஸைப் பற்றிக் கவலைப்படும் ஒரே மனிதர். போன மாதம் இதே நாற்காலியில் அவரை உட்காரவைத்தபோது கண்ணை மூடிக்கொண்டு "அந்தக் கிணி கிணி இருக்குதுங்களே, அடடா, தேனுங்க" என்றார். நான் தலையாட்டினேன். எனக்குக் கேட்கவில்லை. அதற்கு முன்பு கேட்டிருக்கிறதா? கேட்டிருக்கிறது. எப்போது கடைசியாக? அங்கேதான் நினைவு ஒரு ஆணியில் மாட்டிக்கொள்கிறது, இழுத்தால் கிழிகிறது, விட்டால் தொங்குகிறது. வசுமதியைக் கேட்டேன்; "சாமி ரூம் மணியாட்டக் கேக்குதே, உங்களுக்குக் கேக்கலீங்களா?" என்றாள். அக்காவைக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே, மிக உடனே, "எனக்குங் கேக்கல தம்பி" என்றாள். ஆறுதலாம். பஞ்சாலையில் தறிகெட்ட இரைச்சலுக்குள் காதைக் கொடுத்துத் தொலைத்தவளும் நானும் ஒரே வகுப்பாம். வயதானால் உயர்ந்த சுரங்கள் முதலில் போகும் என்பது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன், அடுத்து வயலினின் மேல்விளிம்பு போகும், அடுத்து பேச்சில் மெய்யெழுத்துகள் போகும், கடைசியில் பரணில் ஏற்றிய மயிலைப் போல நானும், இல்லை. அறை. அறையில்தான் கோளாறு. மருதாசலமே சொன்னார். எழுந்து ஹாலின் நடுவே நின்று கையைத் தட்டிப் பார்த்து, "எதிரொலி துளிகூட இல்லீங்களே, என்னத்தைங்க வெச்சு அடக்குனீங்க?" என்றார், அப்புறம் மூலையைப் பார்த்துச் சிரித்தார், "அக்கா உக்காந்திருக்காங்கல்ல, அதான். மனுசன் உடம்பு சத்தத்த நல்லா உறிஞ்சுமுங்க, பஞ்சு மூட்டையாட்ட." அக்காவும் சிரித்தாள். "ஆமாங் சாமி, உள்ள பூராம் பஞ்சுதானுங்." சிரித்தால் அவளுக்கு இருமல் வரும், வந்தது. அவர்கள் இருவரும் அதை வேடிக்கைப் பேச்சாக விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. உறிஞ்சுகிறாள். சரி, எதை? ட்ரையாங்கிளை.

அவள் இருமல் வேறு. நியாயமாகப் பார்த்தால் இருமலைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். முதல் பகுதியின் உச்சத்தில், ட்ரம்பெட்டுகளும் முரசும் சேர்ந்து எழும் அந்த இடத்தில், சற்று முன்புகூட, இருமினாள். எப்போதும் அங்கேதான். இரண்டாம் பகுதியில் சலங்கைபோல எல்லாரும் ஒன்றாக இறங்கும் இடத்தில், அங்கேயும். ஒரு மனிதன் ஒரு மணி நேரம் காத்திருப்பது அந்த உச்சங்களுக்காக. ஏற்றத்தில் ஒவ்வொரு படியாக வைத்து வைத்து, இதோ கதவு திறக்கப்போகிறது எனும் நொடியில், பின்மூலையிலிருந்து க்ஹ், க்ஹ். தர்க்கத்தில் மாணவர்களுக்கு இதைத்தான் கேள்வியாகக் கொடுப்பேன். இருமல் தற்செயலாக வருவதென்றால் அது எங்கும் விழ வேண்டும், அமைதியான இடங்கள்தான் சிம்பொனியில் அதிகம், ஆகவே அங்கேதான் அதிகம் விழ வேண்டும். அமைதியான இடத்தில் இவள் ஒருமுறைகூட இருமியதில்லை. ஆகவே தற்செயல் அல்ல. ஆகவே வேண்டுமென்றே. மூன்று வரி, ஓட்டையில்லை. ஏன் செய்கிறாள் என்பது தர்க்கத்தின் வேலை இல்லை, ஆனாலும் யோசித்தேன். என்னைப் படிக்கவைத்தது அவள்தான் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு, அரசாங்க உதவித்தொகையும் இருந்தது என்பதை நான் ஒவ்வொரு முறையும் நினைவூட்டியிருக்கிறேன், அந்த வருத்தமாக இருக்கலாம். சிம்பொனியை அவள் 'மிஷினு' என்பாள். "மிஷினு இன்னிக்கு நல்லா ஓடுது தம்பி." மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவளுக்கு ஓடுவது, நிற்பது, அறுவது என்ற மூன்று நிலைகள் போதும். அவரைக்காய் ஆய்ந்துகொண்டே வசுமதியிடம் மில் கதை சொல்வாள், தாழ்ந்த குரலில், ஆனாலும் எனக்குக் கேட்கும், தாழ்ந்தது எல்லாம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. "பஞ்சுத் தூசி நெஞ்சுல எறங்கிருச்சுன்னு தெரிஞ்சா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, டாக்டரு வூட்டுக்கு அனுப்பிருவாரு. அதனால மேஸ்திரி பக்கத்துல நின்னா முழுங்கிக்குவோம். மிஷினு கிர்ருனு வேகம் எடுக்கறப்பதான் இருமறது. பேச்சுக்கூட வாயசைவுதான். நான் அந்தக் கோடில நின்னு வாயசைச்சா கூட வேலை செய்யறவ இந்தக் கோடில சிரிப்பா." அதிலிருந்து வந்த ஆஸ்துமா என்று அவள் முடித்தபோது, அது ஆஸ்துமா இல்லை, பஞ்சுத் தூசியால் வருவது தனி நோய், இரண்டையும் குழப்பக் கூடாது என்று இங்கிருந்தே திருத்தினேன். "அப்படிங்களா. எதுவோ ஒண்ணு தம்பி, மூச்சு வரமாட்டீங்குது" என்றாள்.

மூன்றாம் பகுதி. எல்லாவற்றையும்விட மெல்லிசான பகுதி. இதற்கு முன் வாத்தியக்காரர்கள் ஒரு கணம் சும்மா இருப்பார்கள், நாற்காலி ஒன்று முனகுவதுகூடப் பதிவாகியிருக்கிறது, அந்த முனகல் எனக்குக் கேட்கிறது, ஆக காதில் குறையில்லை, அறைதான், அறைதான். போன ஞாயிறு இதே பகுதியில்தான் அது நடந்தது. வயலின்கள் நூலாக இழைந்து இழைந்து இனி இல்லை என்னும் இடத்தில் பின்மூலையில் ஒரு சீட்டியடிப்பு, அவள் மூச்சு, பிறகு வசுமதி ஓடிவரும் காலடி, பிறகு நெபுலைசர். கொசுமருந்து அடிக்கும் இயந்திரம் போல அது தடதடவென்று ஓட, முகமூடிக்குள் அக்கா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், வேண்டாம் நிறுத்து என்று வசுமதியிடம் ஆட்டினாளா, மன்னித்துக்கொள் என்று என்னிடம் ஆட்டினாளா தெரியாது. அதுவரை அவள் ஒழுங்காக இருந்தவள், முடியும்வரை காத்திருந்து பிறகுதான் அந்த இயந்திரத்தைப் போடுவாள். "மூச்சு நின்னிருக்குமுங்க" என்றாள் வசுமதி. நின்றிருக்காது, நாலாம் பகுதிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது என்றேன். மறுநாள் காலை இல்லத்துக்குப் போன் செய்தேன். பின்னறைக்கு மாற்றலாமே என்றாள் வசுமதி. பின்னறையில் சுவர் ஈரம், அவள் நெஞ்சுக்கு ஆகாது, என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்தாயா என்று கேட்டேன். அக்கா, "அங்க கம்முனு இருக்கோணுமா, இல்ல இருமிக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். எவ்வளவு வேண்டுமானாலும் இருமலாம் என்றேன். "அப்பச் சரி" என்றாள். அவளுடைய மெத்தையையும் கட்டச் சொன்னாள், பழைய இலவம்பஞ்சு மெத்தை, ரப்பர் மெத்தையில் படுத்தால் அவளுக்குச் சூடு ஏறி மூச்சு முட்டும். பஞ்சு உங்களுக்கு ஆகாதே அண்ணி என்று வசுமதி சொன்னதற்கு, "உள்ள இருக்கற பஞ்சுக்கு முன்னால வெளிய இருக்கற பஞ்சு என்ன பண்ணிரும்" என்றாள். வண்டியில் இடம் இருக்குமோ என்னவோ, பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

கீழே ஹாரன். ஒரே ஒரு தடவை, சுருக்கமாக, அந்த மட்டில் நாகரிகமான டிரைவர். வசுமதி சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். பேசவில்லை, மூன்றாம் பகுதியில் பேசக் கூடாது, கண்ணால்தான் சொல்கிறாள், சொல்லுங்க, இப்பச் சொல்லுங்க. செலோக்கள் தனியாக நடக்கின்றன. சொல்லலாம். வாயைத் திறந்தால் போதும், இருக்கட்டும், எங்கேயும் போக வேண்டாம், நெபுலைசர் ஓடட்டும், ஃபேன் சுற்றட்டும், கடிகாரம் மாட்டிக்கொள்ளலாம். மயில்கூட இறங்கிவிடலாம். ஆனால் இப்போது திறந்தால் செலோவின் மேல் விழும். இந்த வரி முடியட்டும். முடிந்ததும் ஓபோ எடுத்துக்கொள்கிறது, ஓபோவை வெட்ட முடியாது. ஓபோவுக்குப் பிறகு அந்த நூல் வரும், வயலின் நூல், போன வாரம் கெட்டுப்போனது, இந்த வாரமாவது. அக்கா எழுந்துவிட்டாள். நாற்காலி முனகாமல் எப்படி எழுகிறாள் என்று தெரியவில்லை, எனக்கு வராது. பையை இழுக்காமல் தூக்குகிறாள். கதவருகே போய், தாழ்ப்பாளில் கை வைத்து, திறக்காமல் நிற்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தோள்கள் மேலே ஏறி நிற்கின்றன. வயலின்கள் இழைகின்றன, இழைகின்றன, இல்லை என்று ஆகின்றன, முதல்முறையாக முழுமையாக, ஒரு குறையும் இல்லாமல். அதன்மேல் இடைவெளியே விடாமல் நாலாம் பகுதி இடிக்கிறது, முரசு, தாளத்தட்டு, ட்ரம்பெட்டுகள் எல்லாம். அக்கா தாழ்ப்பாளைத் தள்ளுகிறாள், அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்காது, குனிந்து இருமுகிறாள், நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். வாய் அசைகிறது. தெளிவாக, மெதுவாக, ஒவ்வொன்றாக, ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. நான் மில்லில் வேலை செய்தவன் இல்லை. தலையாட்டினேன். அவளும் ஆட்டினாள். வசுமதி அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு பின்னால் இறங்கிப் போகிறாள்.

ஆக, இப்போது அறை என்னுடையது. மூலை காலி, நாற்காலி மட்டும், அதன் துணியில் ஒரு பள்ளம். கேட்க வேண்டும். கேட்கிறேன். ட்ரம்பெட் ஏன் இப்படிக் கத்துகிறது? சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, தகரத்தில் கல் விழுந்தமாதிரி, கொம்புகள் எங்கே, கொம்புகள் இடம் பெயர்ந்து செருப்பு ஸ்டாண்டுக்குள் போய்விட்டன, டபுள் பாஸ் வீங்கியிருக்கிறது. எழுந்து நடுவில் நின்று கையைத் தட்டினேன். டட்டட்டட் என்று வலது பின்மூலை பதில் சொன்னது. மருதாசலம் வேடிக்கை பேசவில்லை. இத்தனை நாள் நான் அளந்தது, கம்பளம் தொங்கவிட்டது, ஒலிபெருக்கியை விரற்கடை விரற்கடையாக நகர்த்தியது எல்லாம் அவள் உட்கார்ந்திருந்த அறைக்கு. இது வேறு அறை. சரி, இதையும் திருத்தலாம். ட்ரையாங்கிள் இரண்டாவது முறை வரும் இடம் இதோ, உறிஞ்ச யாருமில்லை, இதோ, இப்போது. கோல் தூக்கியிருப்பான், தட்டியிருப்பான். இல்லை. இன்னொரு தரம் தட்டுவான். இல்லை. உட்கார்ந்தேன். கடைசி உச்சம் ஏறுகிறது, படி படியாக, கதவு திறக்கப்போகிறது, என் முதுகு தானாகச் சுருங்குகிறது, க்ஹ் வரப்போகிறது என்று. வரவில்லை. முரசு மட்டும். எவ்வளவு நீளமான முரசு. எவ்வளவு இரைச்சல், அதற்குள் ஒரு ஆள் தாராளமாக இருமிக்கொள்ளலாம், யாருக்கும் கேட்காது என்று அந்த ஆள் நம்பலாம். மூன்று வரியில் ஓட்டை இல்லை என்றேன். மூன்றிலும் இல்லைதான், அதற்குப் பின் நான் யோசித்த காரணத்தில்தான். தற்செயல் அல்ல, சரி. வேண்டுமென்றே, அதுவும் சரி. மேஸ்திரி பக்கத்தில் நின்றால் முழுங்கிக்கொள்வது, வேகம் எடுக்கும்போது. ஒரு மணி நேர சிம்பொனியில் எந்த இடத்தில் வேகம் எடுக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். ஒருமுறைகூடத் தப்பவில்லை. மருதாசலத்துக்குக்கூட அவ்வளவு தெரியாது. இது வேறொரு கேள்வி, பிறகு எடுத்துக்கொள்ளலாம். இப்போதைய கேள்வி ட்ரம்பெட். நுரை வைக்கலாமா, நுரை மேல்சுரங்களை மட்டும் தின்னும், தாழ்ந்ததை விட்டுவிடும். கனமானதாக, அடர்த்தியாக, ஓர் ஆள் உயரத்துக்கு ஏதாவது வேண்டும். பழையதாக இருந்தால் நல்லது, அடித்து இறுகியது.

வசுமதி மேலே வந்தபோது அக்காவின் மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி மூலையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். கை தட்டினேன். எதிரொலி இல்லை. கொம்புகள் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருந்தன. "என்னங்க பண்றீங்க? மெத்தைய மட்டும் மறக்காம அனுப்பி வெச்சிரு தம்பின்னு சொல்லிட்டுப் போனாங்க, நீங்களும் தலையாட்டுனீங்க" என்றாள். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், கயிற்றின் முடிச்சை இறுக்கினேன். அந்த வாரமே புதிதாக ஒரு ரப்பர் மெத்தை வாங்கி இல்லத்துக்கு அனுப்பிவைத்தோம். அக்கா அதை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள் என்று அங்கிருந்து போனில் சொன்னார்கள்.